பூட்டுக்கு விலை 980 டாலர்

கணினி வந்த ஊர் – 19

சென்ற வாரம் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்த பிள்ளைகள் குறைவு. படம் பார்க்க வேண்டும், கேம் விளையாட வேண்டும் என்று ஊர் மெக்கானிக் கடையில் கொடுத்து ‘ஃபுல் விண்டோஸ்’ போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்கு லைசென்ஸ் கிடையாது. “ஸ்கிரீன் கறுப்பாயிடும், அப்டேட்டை மட்டும் ஆன் பண்ணிடாத தம்பி” என்று சொல்லியே கையில் கொடுத்தார்கள். இந்த ஒரு அறிவுரையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதை பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் அந்தத் தேதியை மறக்காதவர்களுக்குக் காரணம் வேறு. அன்று காலை 10 மணிக்குப் பிளஸ் டூ ரிசல்ட். மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் எதுவும் இனி கிடையாது என்று அரசு முடிவெடுத்த முதல் வருடம். விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் திருவிழா என்றால் அதுதான். மார்க் பார்த்து, பிரின்ட் எடுத்து, கூட்டம் கலைந்து, கடைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். நம் கடிகாரத்தில் மதியம் ஒன்றே கால். அப்போதுதான் ‘வான்னாக்ரை’ பரவத் தொடங்கியது.

சிவப்புப் பெட்டி ஒன்று திரையை அடைத்துக்கொண்டு வரும். உன் கோப்புகளைப் பூட்டிவிட்டேன், 300 டாலரை பிட்காயினாகக் கொடு, மூன்று நாளுக்குப் பிறகு 600 என்று சொல்லும். மிரட்டலை 28 மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. நம்மை அவர்கள் வாடிக்கையாளராகவே எண்ணவில்லை. ஆனாலும் அடி நமக்கும் விழுந்தது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் ஆலையில் உற்பத்தி தடைப்பட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் முடங்கின. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு பஞ்சாயத்திலும் சிவப்புப் பெட்டி காத்திருந்தது.

அதுவரை வைரஸ் என்றால் எதையாவது கிளிக் செய்தால் வரும், பென் டிரைவ் சொருகினால் வரும். இது எதையும் கேட்கவில்லை. கணினிகள் ஒன்றோடொன்று கோப்பு பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் வழியில் ஓர் ஓட்டை. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் தன் கருவியாக வைத்திருந்தது. ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் அந்தக் கருவியை 2017 ஏப்ரல் 14 அன்று ஊரறிய வெளியிட்டது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. அப்டேட்டை ஆன் பண்ணிடாத தம்பி! அடி வாங்கிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்டேட் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இங்கிலாந்தில் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைக் கவனித்தார். யாரும் வாங்காத முகவரி. பத்து டாலர் சொச்சம் கொடுத்து வாங்கிப் பதிந்தார். அந்த முகவரி பதில் சொன்னால் நிரல் தானாகவே நின்றுவிடும் என்பது பதிந்த பிறகுதான் தெரிந்தது. நம் நேரப்படி அப்போது இரவு எட்டரை மணி. அலுவலகங்களெல்லாம் பூட்டியிருந்தன, மறுநாள் இரண்டாம் சனி, வங்கியும் கிடையாது. இந்தியா அன்று இன்னும் பெரிய அடியிலிருந்து தப்பியதில் பஞ்சாங்கத்துக்கும் பங்கு உண்டு.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. நம் ஊரில் அதிகம் பேசப்படாத விஷயம். ஏட்ரியன் கினே, பெஞ்சமின் டெல்பி என்ற இரண்டு பிரெஞ்சு நிபுணர்கள், பூட்டப் பயன்பட்ட எண்கள் கணினியின் தற்காலிக நினைவகத்தில் கொஞ்ச நேரம் அழியாமல் கிடப்பதைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டே பூட்டைத் திறக்கக் கருவி செய்தார்கள். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் வேலை செய்தது. ஒரே நிபந்தனை, கணினியை அணைத்திருக்கக் கூடாது. நாம் என்ன செய்வோம்? எந்தக் கோளாறு வந்தாலும் முதல் வைத்தியம், “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.” அந்தச் சொடுக்கில் சாவி போய்விடும். நெட் வயரைப் பிடுங்கு, வைஃபையை அணை, மெஷினைத் தொடாதே என்பதுதான் அன்று சொல்லப்பட்டிருக்க வேண்டிய புத்திமதி.

கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் இந்த ‘ரான்சம்வேர்’ தொழில் 2017-ல் பிறந்ததல்ல. 1989-லேயே ஜோசப் பாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். போட்டுப் பார்த்தவர்களின் கோப்புப் பெயர்கள், கணினியைச் சுமார் 90 தடவை ஆன் செய்த பிறகு குழம்பிப் போயின. பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி இருந்ததால் ஜிம் பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் எளிதில் திறந்துவிட்டார். பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி என்று வைத்தால் யாராலும் திறக்க முடியாது என்று 1996-ல் ஆடம் யங், மோட்டி யுங் இருவரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். தபால் பெட்டிக்குப் பதில் பிட்காயின் வந்ததும், 2013-ல் ‘கிரிப்டோலாக்கர்’ அதை வியாபாரமாக்கிக் காட்டியது.

வான்னாக்ரை செய்தித்தாளோடு போய்விட்டது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் சின்னக் கடைகளை உண்மையில் தேடி வந்தது அடுத்த வருடக் கடைசியில் பரவிய ‘டிஜேவியூ’. பெரிய கம்பெனிகளைத் தாக்காததால் பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. இது நடுத்தர வர்க்கத்தின் ரான்சம்வேர்.

அந்தக் காலத்து டிடிபி கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கணினி, சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். கணினியில் பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப், கூடவே தமிழ் எழுத்துருக்கள். இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கினால் கடையை விற்றுத்தான் வாங்க வேண்டும். எனவே ‘கிராக்’. ஒரு சின்ன நிரலை இறக்கி ஓட்டினால் சாஃப்ட்வேர் லைசென்ஸ் கேட்காது. அப்படி ஓட்டும்போது ஆன்டி-வைரஸ் கத்தும். அதை அணைத்துவிட்டு ஓட்டு என்று கிராக்கோடு வரும் குறிப்பே சொல்லும். டிஜேவியூ கும்பலுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாசல் கதவைத் திறந்து, காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருடனைக் கூப்பிட்டது போலத்தான்.

கிராக்கை ஓட்டியதும் விண்டோஸ் அப்டேட் ஆவது போல ஒரு திரை வரும். வாழ்நாளில் அப்டேட் போடாதவர்கூட, சரி ஆகட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து பார்த்தால் முகூர்த்தப் பத்திரிகை, நினைவஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து வால் முளைத்திருக்கும். “அண்ணே, நேத்து புரூஃப் பாத்த ஃபைல் திறக்க மாட்டேங்குதுண்ணே.” ஒவ்வொரு போல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு சீட்டு. விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி, 490. நம்பிக்கை வர ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுகிறோம். ஆடித் தள்ளுபடிக்காரன் தோற்றான்.

இதன் உள்வேலை தெரிந்தவர்களுக்கு இரண்டு சங்கதிகள் கைகொடுத்தன.

முதலாவது, டிஜேவியூ அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி சுமாரை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். சின்ன வேர்ட் கோப்பு முழுசாகப் போய்விடும். கல்யாண வீடியோ அப்படியல்ல. ஜிபி கணக்கில் இருக்கும் வீடியோவில் தலைப் பக்கம் மட்டும்தான் கெட்டிருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், தலையைச் சீர்செய்து மீட்கும் இலவசக் கருவி இருக்கிறது. பத்திரிகை அடித்தவர் அழுதபோது, வீடியோ எடுத்தவருக்குத் தப்பிக்க வழி இருந்தது. ஆனால் பூட்டிய டிஸ்க்கை ஃபார்மட் செய்திருக்கக் கூடாது.

இரண்டாவது, சாவி. கணினியில் நெட் இருந்தால் கும்பலின் சர்வரிலிருந்து அந்தக் கணினிக்கென்று தனிச் சாவி வரும். அது அவர்களிடம் மட்டுமே இருக்கும். நெட் இல்லாமல் சர்வரை எட்ட முடியாவிட்டால், நிரலுக்குள்ளேயே வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். அந்தப் பொதுச் சாவி ஒருவருக்குக் கிடைத்தால் அதே வகையில் மாட்டிய அத்தனை பேருக்கும் உதவும். சீட்டில் இருக்கும் அடையாள எண் ‘டி1’ என்று முடிந்தால் பொதுச் சாவி என்று அர்த்தம். நெட் விட்டு விட்டு வருகிறது என்று நாம் திட்டிய திட்டுக்கு, சிலருடைய கோப்புகளை அந்த நெட்டேதான் காப்பாற்றிக் கொடுத்தது. மைக்கேல் கில்லெஸ்பி என்ற அமெரிக்கர் எம்சிசாஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவி, அதுவரை வந்திருந்த 160 வகைகளில் 148 வகைகளுக்கு மருந்தாக இருந்தது.

ஃபார்மட் அடித்து மறுபடி அதே கிராக்கைப் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்குத் தெரியாத இன்னொன்று, இந்தத் திருடன் பல சமயம் ‘அசோரல்ட்’ என்ற கூட்டாளியையும் அழைத்து வந்தான். அவன் வேலை பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் தூக்குவது. கணினியைச் சுத்தம் செய்து, ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு நல்ல கருவியிலிருந்து மாற்றினால்தான் மீட்பு முடிந்தது என்று பொருள்.

கடைத்தெருவில் இன்னொரு வாசலும் திறந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ரைஸ் மில், ஹார்டுவேர் கடை, உரக்கடை என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதியவர்களெல்லாம் டேலிக்கு வந்தார்கள். கணக்குப்பிள்ளை ஒருவரே நாலு கடைக்குப் பார்ப்பார். கடைக்குக் கடை அலைய முடியுமா? வீட்டிலிருந்தே கடைக் கணினியைத் திறக்க ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கொண்டார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் இது இன்னும் அதிகமானது. இணையம் முழுக்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற கதவைத் தட்டிக்கொண்டே போகும் நிரல்கள் இருக்கின்றன. தட்டும், கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு என்றால் திறந்துகொள்ளும். ‘தர்மா’, ‘ஃபோபோஸ்’ கும்பல்கள் இப்படித்தான் உள்ளே வந்தன. தர்மா! பெயர் வைத்தவனுக்கு நம் ஊர் நக்கல் தெரிந்திருக்காது.

உள்ளே வந்தவன் டேலி டேட்டா போல்டரைப் பூட்டுவான். “பேக்கப் எடுத்திருக்கோமே” என்பார் முதலாளி. எடுத்திருப்பார். டேலி பேக்கப் கோப்பு, டிபிகே900 என்ற பெயரில், அதே கணினியின் டி டிரைவில் இருக்கும். அல்லது எப்போதும் சொருகியே வைத்த பென் டிரைவில். கணினிக்கு எது தெரிகிறதோ அது திருடனுக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, விண்டோஸ் தானாக எடுத்து வைத்த நிழல் பிரதிகளையும் அழித்துவிட்டுப் போவான்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகளே பூட்டப்பட்டு, 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்களும் 1.3 டெராபைட் தகவலும் சிக்கி, நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதியது. நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஆனால் பேக்கப் சர்வர் ஒன்று தொடப்படாமல் இருந்ததால் நோயாளிகளின் பதிவுகள் திரும்பக் கிடைத்தன.

இலங்கைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று ‘லங்கா அரசு மேகம்’ தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள். சர்வர் அரை நாளில் எழுந்துவிட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த போன அஞ்சல்கள் மட்டும் போனது போனதுதான். இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்புக்கு வெளியே ஒரு பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013-ம் வருட மென்பொருள். ஓர் அரசாங்கத்தின் மூன்றேகால் மாதக் கடிதப் போக்குவரத்து அப்படியே மறைந்தது.

பிரதி விஷயத்தில் விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு மூத்த உதாரணம் உண்டு. விக்கிரவாண்டிப் பக்கம் எசாலத்தில் 1987-ல் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்கடியிலிருந்து முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடு கிடைத்தது. 15 ஏடுகள், கூடவே செப்புத் திருமேனிகள். சோழர் ஆட்சியில் அரசன் வாயால் சொன்ன ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுபவர் ஓலையில் எழுதுவார், மேலதிகாரிகள் சரிபார்ப்பார்கள், வரிப்பொத்தகத்தில் பதிவாகும், பிறகு செம்பிலோ கல்லிலோ வெட்டப்படும். ஓலையும் பொத்தகமும் எங்கே போயினவோ. யாரோ புதைத்து வைத்த செம்பு சுமார் 950 வருடம் கழித்து வந்து சாட்சி சொன்னது. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இந்த நூற்றாண்டில் வகுத்தார் என்று கணினிப் புத்தகங்கள் சொல்லும். எசாலத்துக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வேறு இடத்தில் என்பது எதற்கு? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் உள்ளே வந்த கடைகளில் மேஜைக்குக் கீழே இருந்த சி.பி.யு.வும் இழுப்பறையில் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். பத்திரப்பதிவு அலுவலகங்களின் நிலை இன்று வேறு. 2018 பிப்ரவரியில் வந்த ஸ்டார் 2.0 மென்பொருளுக்குப் பிறகு பதிவுகள் மைய சர்வருக்குப் போகின்றன. மையம் என்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 31 அன்று சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேரில் மாட்ட, அதை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் யுபிஐ பரிவர்த்தனையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் சரியானது.

பணம் கொடுத்தால் திறந்துவிடுவானா என்று இன்றும் கேட்கிறார்கள். சிலருக்குத் திறந்திருக்கிறது, சிலரிடம் வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டிருக்கிறான். வான்னாக்ரைக்குப் பணம் கட்டியவரை யார் என்று அடையாளம் காணும் ஏற்பாடே அந்த நிரலில் ஒழுங்காக இல்லை. மொத்த வசூல் ஒன்றரை லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. என் தீர்ப்பு, கொடுக்காதீர்கள். 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் பதியுங்கள். அந்தச் சீட்டையும் பூட்டிய கோப்பு ஒன்றையும் வைத்து எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். 2016 ஜூலையில் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் கஸ்பர்ஸ்கி, மெக்காஃபி நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசச் சாவிகள் இருக்கின்றன.

அங்கே இன்று சாவி இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை என்று அர்த்தமில்லை. கிரிப்டோலாக்கருக்கு 2014 ஆகஸ்டில் சாவி கிடைத்தது. கும்பலின் வலைப்பின்னல் அந்த வருடம் ஜூனில் பிடிபட்டதன் பலன். தர்மாவின் பழைய வகை ஒன்றுக்கு 2017 மார்ச்சில் யாரோ சாவிகளை வெளியே போட்டார்கள். டேலிக் கணக்குகளைப் பூட்டிய ஃபோபோஸுக்கு ஜப்பான் காவல்துறை 2025 ஜூலையில் இலவசத் திறப்பான் வெளியிட்டது. ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த கணக்கைக்கூட அது திறக்கலாம்; டிஸ்க் கையில் இருந்தால்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அந்த வருடங்களில் கோப்புகளைப் பறிகொடுத்த டிடிபி, ஸ்டுடியோ, கணக்கு அலுவலகக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிய பழைய ஹார்ட் டிஸ்க் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் ரீட்மீ சீட்டையும் அழிக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை அந்தத் தளத்தில் உங்கள் வகைக்குச் சாவி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

(தொடரும்)